மிஸி எடுத்தால் 162: ரத்த அழுத்த எண்ணின் சிறு வரலாறு

அம்மாவிடம் இரண்டு நோட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. ஒன்று அரசாங்கக் கிளினிக்கில் கொடுத்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மிஸி அதில் எண்ணை எழுதித் தருவார். இன்னொன்று என் அக்கா மகளின் பழைய பள்ளி நோட்டு. முன்பாதியில் மலாய் இலக்கணப் பயிற்சி. பின்பாதியில், பார்மசியில் வாங்கிய மெஷினில் தினமும் காலையில் எடுத்த எண்களை அம்மா பென்சிலால் எழுதி வைக்கிறார்.

இரண்டும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. கிளினிக் புத்தகத்தில் 162, 158, 166. வீட்டு நோட்டில் 134, 131, 136. போன வருஷம் கிளினிக் எண்ணைப் பார்த்து மூன்றாவது மாத்திரை சேர்த்தார்கள். சேர்த்த இரண்டாவது வாரம், ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்த அம்மா தலைசுற்றிக் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். விழவில்லை, நல்ல வேளை.

மறுநாள் காலை இரண்டு புத்தகங்களையும் என் முன்னால் வைத்துக் கேட்டார்: "வீட்டுல எடுத்தா நல்லாத்தான் இருக்கு. அங்க போய் ஒக்காந்தா ஏறிடுது. இதுல எதுய்யா மெய்யி?"

பதில் சொல்லத் தெரியவில்லை. மிஸி தப்பாக எடுத்திருப்பார், இல்லாவிட்டால் மெஷின் மட்டம் என்றுதான் முதலில் நினைத்தேன். தேடிப் படிக்கப் படிக்க, அம்மாவின் கேள்வி மருத்துவத்துக்குள்ளேயே நூறு வருஷத்துக்கும் மேலாக இருந்துவரும் கேள்வி என்று தெரிந்தது. ரத்தக் கொதிப்பைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் யாரோ, எதையோ வைத்து, எங்கேயோ உட்கார வைத்து எடுத்த எண்களிலிருந்து வந்தவை. எடுத்த விதம் மாறியபோதெல்லாம் ஆராய்ச்சி சொன்ன சேதியும் மாறியிருக்கிறது.

கட்டிப்போட்ட குதிரை

ரத்த அழுத்தத்தை முதன்முதலில் அளந்தவர் ஒரு பாதிரியார். இங்கிலாந்தின் டெடிங்டன் ஊரைச் சேர்ந்த ஸ்டீபன் ஹேல்ஸ். ஒரு பெண் குதிரையைப் படுக்க வைத்துக் கட்டி, அதன் காலுக்குப் போகும் தமனியைத் திறந்து பித்தளைக் குழாயைச் செருகினார். அதோடு 9 அடி நீளக் கண்ணாடிக் குழாயை நிமிர்த்திப் பொருத்தினார். ரத்தம் குழாயில் 8 அடி 3 அங்குலம் ஏறி நின்றது. இதய அடிக்கு ஏற்ப ஏறி இறங்கியது. 1733இல் இதைப் புத்தகமாக வெளியிட்டார்.

பிரெஞ்சுக்காரரான புவாசேய் 1828இல் கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை ஊற்றினார். பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனம். எனவே ஆளைவிட உயரமான குழாய் மேசைமேல் வைக்கும் அளவுக்குச் சுருங்கியது. நாம் இன்றும் 120, 140 என்று சொல்வது பாதரசம் ஏறும் உயரத்தைத்தான், மில்லிமீட்டரில். ஹேல்ஸின் குதிரையை இந்தக் கணக்குக்கு மாற்றினால் 190க்கு மேல் வரும். அமைதியாக நிற்கும் குதிரைக்கு இவ்வளவு இருக்காது. கட்டிப்போட்டு, காலை அறுத்து எடுத்த எண் அது. அளக்கப் போனதே அழுத்தத்தை ஏற்றியிருக்கிறது. முதல் அளவீட்டிலேயே பிரச்சனை தொடங்கிவிட்டது.

சைக்கிள் டியூபும் காதும்

மனிதனை அறுக்காமல் அளக்க ஒரு நல்ல வழி 1896இல் வந்தது. இத்தாலியின் தூரின் நகரில் ஷிப்பியோனே ரீவா ரோச்சி என்ற மருத்துவர் சைக்கிள் டியூபைக் கைப்பட்டையாக்கிப் புஜத்தில் சுற்றினார். காற்றடித்து இறுக்கி, மணிக்கட்டில் நாடி நிற்கும் இடத்தைப் பாதரசத்தில் படித்தார். கிடைத்தது மேல் எண் மட்டும். அந்தப் பட்டை ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் அகலம்தான். குறுகிய பட்டை எண்ணைக் கூட்டிக் காட்டும். 1901இல் ஃபோன் ரெக்லிங்ஹௌசன் என்ற ஜெர்மானியர் இதைச் சுட்டிக்காட்டி, அகலமான பட்டையைக் கொண்டுவந்தார். ஆக, முதல் ஐந்து வருஷத்து எண்களைப் பின்னால் வந்த எண்களோடு அப்படியே வைத்துப் பார்க்க முடியாது.

1905இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ராணுவ மருத்துவக் கழகத்தில், நிகோலாய் கொரோட்கோவ் என்ற இளம் அறுவை மருத்துவர் ஒரு பக்கத்துக்கும் குறைவான குறிப்பு ஒன்றை வாசித்தார். நாடியைத் தொட வேண்டாம், பட்டைக்குக் கீழே ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேளுங்கள் என்றார். காற்றை மெல்ல விடும்போது 'தட், தட்' என்று சத்தம் தொடங்கும் இடம் மேல் எண். சத்தம் அடங்கும் இடம் கீழ் எண்.

அடங்கும் இடம் என்றால் எது? சத்தம் முதலில் மங்கும், பிறகு மறையும். மங்குவதை நான்காம் கட்டம் என்றும் மறைவதை ஐந்தாம் கட்டம் என்றும் பெயரிட்டார்கள். பெரும்பாலான பெரியவர்களுக்கு இரண்டுக்கும் இடையில் சில மில்லிமீட்டர்தான். கர்ப்பிணிகள் சிலருக்கும் குழந்தைகளுக்கும் சத்தம் மறையவே மறையாமல் பூஜ்யம் வரை கேட்டுக்கொண்டிருக்கும். எதைக் கீழ் எண்ணாக எழுதுவது? அமெரிக்க இதயச் சங்கம் 1939இல் மங்கும் இடம் என்றது. 1951இல் மறையும் இடம் என்றது. 1967இல் திரும்பவும் மங்கும் இடம். 1981இல் மறுபடியும் மறையும் இடம்.

இது சின்னச் சண்டை இல்லை. அந்தக் காலத்தில் ரத்தக் கொதிப்பு இருக்கிறதா இல்லையா என்பதைக் கீழ் எண்தான் முடிவு செய்தது. மாத்திரையால் உயிர் பிழைக்கும் என்று முதலில் உறுதியாகக் காட்டிய ஆய்வு, எட்வர்ட் ஃபிரைஸ் தலைமையில் அமெரிக்க முன்னாள் ராணுவத்தினரிடையே நடந்து 1967இல் வெளியானது. 143 ஆண்கள். கீழ் எண் 115க்கும் 129க்கும் இடையில் இருந்தவர்களை மட்டும் சேர்த்தார்கள். பலனின் அளவு பெரிது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 27 பேருக்கும் மருந்து சாப்பிட்டவர்களில் 2 பேருக்கும் பெரும் பாதிப்பு வந்தது. இவ்வளவு பெரிய வித்தியாசத்தில் நான்காம் கட்டமா ஐந்தாம் கட்டமா என்பது பெரிதாகத் தெரியாது. பிறகு ஆராய்ச்சி 90, 95 என்று எல்லைக்கோட்டுக்கு இறங்கி வந்தபோதுதான் அந்தச் சில மில்லிமீட்டர் பூதாகரமாகிறது.

கோடு எங்கே?

எல்லைக்கோடு என்று ஒன்று உண்மையில் இருக்கிறதா? 1950களில் பிரிட்டனில் இரண்டு பெரிய மருத்துவர்கள் இதற்காக வருஷக்கணக்கில் மோதிக்கொண்டார்கள். ராபர்ட் பிளாட், ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் தனி இனம், பரம்பரையாக வருவது, அளந்து வரைந்தால் இரண்டு மேடு தெரியும் என்றார். ஜார்ஜ் பிக்கரிங், அப்படி இரண்டு கூட்டம் கிடையாது, உயரத்தைப் போல இதுவும் எல்லோரிடமும் கூடக்குறைய இருப்பது, கோடு நாம் போடுவது என்றார். கடைசியில் பிக்கரிங் பக்கம்தான் நின்றது.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மக்கள்தொகையில் பெரும் கூட்டம் கோட்டுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. எனவே கோட்டை நகர்த்தினாலும் சரி, அளக்கும் முறையை 5 மில்லிமீட்டர் நகர்த்தினாலும் சரி, லட்சக்கணக்கானவர்கள் ஒரே நாளில் நோயாளியாவார்கள், அல்லது ஆகாமல் போவார்கள். 2017இல் அமெரிக்க வழிகாட்டி எல்லையை 140/90இலிருந்து 130/80க்கு இறக்கியது. ரத்தக் கொதிப்பு உள்ளவர்களின் விகிதம் 32 விழுக்காட்டிலிருந்து 46 விழுக்காடாகிவிட்டது என்று கணக்கிட்டார்கள். யாருடைய உடம்பும் மாறவில்லை. கோட்டை நகர்த்தினால் செய்தியாகிறது. அளவீடு நகர்ந்தால் யாருக்கும் தெரிவதில்லை.

பூஜ்யத்தை விரும்பும் கை

1960களில் லண்டனில் ஜெஃப்ரி ரோஸ் என்ற தொற்றியல் ஆய்வாளர், அளக்கப்படுபவரை விட்டுவிட்டு அளப்பவர்களைக் கவனித்தார். எழுதப்பட்ட எண்களில் பாதரசம் காட்டியிருக்க முடியாத அளவுக்குப் பூஜ்யத்தில் முடிபவை நிறைய இருந்தன: 130, 140, 150. கை தானாகவே முழு எண்ணுக்குப் போகிறது. இன்னொன்றும் உண்டு. மருந்து வேலை செய்ய வேண்டும் என்று ஆசைப்படும் மருத்துவரின் காது, சத்தத்தைக் கொஞ்சம் தாமதமாகக் கேட்கும். இதில் பொய் எதுவும் இல்லை. மனசு அப்படி.

அளப்பவரை எப்படி ஏமாற்றுவது என்று கருவிகள் செய்தார்கள். 1963இல் கேரோ என்பவர் பூஜ்யத்தைக் குழப்பும் கருவி ஒன்றை லான்செட் இதழில் விவரித்தார். அதையே செம்மைப்படுத்தி ரைட்டும் டோரும் 1970இல் ஒரு கருவி கொண்டுவந்தார்கள். ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டால் பாதரசத்தின் தொடக்க இடம் ஒவ்வொரு முறையும் மாறும். படிப்பவருக்கு உண்மை எண் தெரியாது. படித்து முடித்த பிறகுதான் கழித்துப் பார்க்க வேண்டும். ஆய்வாளர்கள் இதைக் கொண்டாடினார்கள். பெரிய ஆய்வுகள் பலவற்றில் பயன்படுத்தினார்கள். இருபது வருஷம் கழித்து, 1990களில், சாதாரணக் கருவியோடு ஒப்பிட்டபோது இது எண்ணைக் குறைத்துக் காட்டுகிறது என்று கண்டுபிடித்தார்கள். மனிதக் கோணலைத் திருத்த வந்த கருவிக்கு அதன் கோணல் ஒன்று இருந்தது.

டாக்டர் உள்ளே வருகிறார்

அம்மாவின் கேள்விக்கு மிக நெருக்கமான ஆய்வு மிலானில் நடந்தது. ஜுசெப்பே மன்சியாவும் சகாக்களும் 1983இல் வெளியிட்டது. மருத்துவமனையில் இருந்தவர்களின் தமனிக்குள்ளேயே மெல்லிய குழாயை வைத்து நாள் முழுக்க அழுத்தத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். பட்டை இல்லை, காது இல்லை, யாரும் படிக்க வேண்டியதும் இல்லை. நடுவில் ஒரு டாக்டர் வந்து வழக்கம்போல் பட்டையைக் கட்டி அளந்தார். அவர் வந்த சில நிமிடங்களுக்குள் மேல் எண் சராசரியாக 27 மி.மீ. வரை எகிறியது. கீழ் எண் 15. பிறகு இறங்கியது. பின்னொரு ஆய்வில் தாதி அளந்தபோது ஏற்றம் பாதியளவுதான்.

இதற்கு 43 வருஷம் முன்பே, 1940இல், பாஸ்டனில் அய்மனும் கோல்ட்ஷைனும் நோயாளிகளை வீட்டில் அளக்கச் சொல்லிப் பார்த்திருந்தார்கள். வீட்டு எண்கள் கிளினிக் எண்களைவிடக் குறைந்திருந்தன, சிலருக்கு வெகுவாக. 1988இல் தாமஸ் பிக்கரிங் (மேலே பார்த்த ஜார்ஜ் பிக்கரிங்கின் மகன்) 292 பேரை ஆராய்ந்தார். எல்லைக்கோட்டு ரத்தக் கொதிப்பு என்று கிளினிக்கில் சொல்லப்பட்டவர்கள். அவர்களில் ஐந்தில் ஒருவருக்கு, நாள் முழுக்கக் கட்டிக்கொள்ளும் மெஷினில் அழுத்தம் சாதாரணமாக இருந்தது. வெள்ளை அங்கிக் கொதிப்பு என்று இதைச் சொல்கிறார்கள். நேர்மாறும் உண்டு. கிளினிக்கில் நல்ல பிள்ளையாக இருந்து வீட்டிலும் வேலையிலும் எகிறும் அழுத்தம். அதை மறைந்திருக்கும் கொதிப்பு என்பார்கள். இரண்டாவதுதான் ஆபத்தானது, ஏனென்றால் யாரும் அதைத் தேடுவதில்லை.

அப்படியானால் கிளினிக் எண்ணை வைத்துச் செய்த ஆராய்ச்சியெல்லாம் வீணா? அப்படிச் சொல்லிவிட முடியாது. இங்கே இரண்டு விதமான பிழைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, மனம்போல் ஆடும் பிழை. இன்று கூட, நாளை குறைய. ஒருவரை ஒரே ஒருமுறை அளந்து இருபது வருஷம் பின்தொடர்ந்தால், அந்த ஒற்றை எண் அவருடைய வழக்கமான அழுத்தத்தைச் சரியாகக் காட்டாது. அழுத்தத்துக்கும் மாரடைப்புக்கும் உள்ள தொடர்பு இருப்பதைவிட மெலிந்து தெரியும். 1990இல் மெக்மேகனும் குழுவும் இதைச் சரிசெய்து பார்த்தபோது, தொடர்பு முன்பு சொன்னதைவிட ஏறத்தாழ 60 விழுக்காடு வலுவாக இருந்தது. 2002இல் 61 ஆய்வுகளின் பத்து லட்சம் பேரை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். 40 முதல் 69 வயதினரில் மேல் எண் 20 மி.மீ. கூடினால் பக்கவாதத்தாலும் இதய நோயாலும் இறக்கும் வாய்ப்பு இரட்டிப்பாகிறது. இதை அளவீட்டுப் பிழை என்று தள்ளிவிட முடியாது. அளவீடு மோசமாக இருந்தும் தெரிந்த உண்மை இது.

இரண்டாவது, ஒரே பக்கம் சாயும் பிழை. எல்லா எண்களும் மேலேயோ கீழேயோ சேர்ந்து நகர்வது. கொதிப்பு ஆபத்து என்ற உண்மையை இது அழிக்காது. ஆனால் 'எத்தனையில் மருந்து, எத்தனை வரை இறக்கலாம்' என்ற கேள்வியைக் குழப்பிவிடும். அம்மா மாட்டிக்கொண்டது இங்கேதான்.

32 புள்ளி போன இடம்

அளவீடு ஒரு சிகிச்சையையே எப்படிப் பெரிதாக்கிக் காட்டும் என்பதற்கு அண்மைக்காலத்து உதாரணம் உண்டு. மருந்துக்கு அடங்காத கொதிப்புக்குச் சிறுநீரகத் தமனிக்குள் குழாயை விட்டு, அங்குள்ள நரம்புகளைச் சூட்டால் அழிக்கும் சிகிச்சை. 2010இல் சிம்பிளிசிட்டி 2 என்ற ஆய்வு, 106 பேர். சிகிச்சை பெற்றவர்களுக்கு ஆறு மாதத்தில் கிளினிக் எண் 32/12 இறங்கியது. மற்றவர்களுக்கு இறங்கவில்லை. யாருக்குச் சிகிச்சை நடந்தது என்பது நோயாளிக்கும் தெரியும், மருத்துவருக்கும் தெரியும். அதே ஆய்வில் நாள் முழுக்க அளக்கும் மெஷின் கட்டியவர்களிடம் இறக்கம் 11/7 மட்டுமே. அந்தச் சின்ன எண்ணை அப்போது பெரிதாக யாரும் பேசவில்லை.

2014இல் மூன்றாவது ஆய்வு, 535 பேர். இந்த முறை ஒரு பகுதியினருக்குப் பொய்ச் சிகிச்சை. மேசையில் படுக்க வைத்து எல்லாம் செய்தார்கள், நரம்பை மட்டும் சுடவில்லை. யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. முடிவு: உண்மைச் சிகிச்சையில் 14 புள்ளி இறக்கம், பொய்ச் சிகிச்சையில் 12. வித்தியாசம் இரண்டு சொச்சம்.

சும்மா படுத்து எழுந்தவர்களுக்கு ஏன் 12 புள்ளி இறங்கியது? எண் உச்சத்தில் இருந்த நாளில் பிடித்து ஆய்வில் சேர்த்தால், அடுத்த முறை தானாகவே கொஞ்சம் இறங்கும். ஆய்வில் சேர்ந்த பிறகு மாத்திரையை ஒழுங்காகப் போடுவார்கள். டாக்டர் முகம் பழகிப்போகும். அளப்பவருக்கும் ஆசை இருக்கும். பின்னால் வந்த ஆய்வுகள் பொய்ச் சிகிச்சையையும் நாள் முழுக்க அளக்கும் மெஷினையும் சேர்த்துக் கவனமாக நடந்தன. 2020இல் வந்த முக்கியமான ஆய்வில் வித்தியாசம் ஏறத்தாழ 4 மி.மீ. சிகிச்சையில் ஏதோ இருக்கிறது, ஆனால் 32 இல்லை.

120 என்று சொன்னபோது

2015 நவம்பரில் ஸ்பிரிண்ட் ஆய்வு வெளியானது. அமெரிக்காவில் 9361 பேர், 50 வயதுக்கு மேற்பட்டவர்கள், இதய நோய் வாய்ப்பு அதிகம் உள்ளவர்கள். நீரிழிவு உள்ளவர்களையும் பக்கவாதம் வந்தவர்களையும் சேர்க்கவில்லை. ஒரு குழுவுக்கு மேல் எண்ணை 140க்குக் கீழே வைப்பது இலக்கு, இன்னொரு குழுவுக்கு 120க்குக் கீழே. இரண்டாம் குழுவில் மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு முதலியவை 25 விழுக்காடு குறைந்தன. இறப்பு 27 விழுக்காடு குறைந்தது. ஆய்வை முன்கூட்டியே நிறுத்தி அறிவித்தார்கள். மயக்கம், தாழ்ந்த அழுத்தம், சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை அந்தக் குழுவில் கூடுதலாக இருந்தன. ஆனால் செய்தித்தாளில் வந்தது 120 மட்டும்.

எந்த 120? ஸ்பிரிண்டில் தானியங்கி மெஷின். ஐந்து நிமிடம் சும்மா உட்கார வைத்து, மூன்று முறை எடுத்து, சராசரி. ஆய்வு வெளியான பிறகு, பல இடங்களில் அறையில் யாருமே இல்லாமல் அளந்தார்கள் என்ற பேச்சு வந்தது. அப்படியானால் ஸ்பிரிண்டின் 120 என்பது சாதாரணக் கிளினிக்கின் 130க்கும் மேல் என்று ஐரோப்பிய மருத்துவர்கள் வாதிட்டார்கள். ஆய்வுக் குழு எல்லா மையங்களையும் விசாரித்து 2018இல் பதில் சொன்னது. சில மையங்களில் ஆள் இல்லாமல் எடுத்தார்கள், சிலவற்றில் முழு நேரமும் ஆள் இருந்தார், சிலவற்றில் ஓய்வு நேரத்தில் மட்டும் தனியாக விட்டார்கள். ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அழுத்த எண்களும் பலனும் ஒத்தே இருந்தன.

அறையில் ஆள் இருந்தாரா என்று தேடியவர்கள் பெரிய வித்தியாசத்தைக் கவனிக்கத் தாமதமாகிவிட்டது. 2020இல் ஒரு குழு, ஸ்பிரிண்டில் இருந்த அதே ஆட்களின் வழக்கமான மருத்துவமனைப் பதிவுகளை எடுத்துப் பார்த்தது. 120 இலக்குக் குழுவில், வழக்கமான கிளினிக் எண் ஆய்வு எண்ணைவிடச் சராசரியாக 7.3 மி.மீ. கூடுதல். மற்றக் குழுவில் 4.6. இது சராசரிதான். தனித்தனி ஆட்களில் வித்தியாசம் 30, 40 வரைகூட இருந்தது. ஐந்து நிமிட அமைதியும் மூன்று முறை அளப்பதும் செய்யும் வேலை இது. அவசரமாகக் கூப்பிட்டு, பேசிக்கொண்டே, ஒருமுறை அழுத்தி எடுத்த எண்ணை 120க்கு இறக்கப் போனால், ஸ்பிரிண்டில் யாருக்கும் கொடுக்காத அளவு மருந்தைக் கொடுப்பதாக ஆகிவிடலாம்.

இந்த ஆய்வைத் தப்பு என்று சொல்ல எனக்கு எந்த முகாந்திரமும் இல்லை. எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை எடுத்த முறையை ஆய்விலேயே விட்டுவிட்டு வந்தால் அது வேறு எண் ஆகிவிடுகிறது. அவ்வளவுதான்.

பட்டை, மேசை, மெஷின்

மிச்சமிருப்பவை சின்ன விஷயங்கள். ஆனால் எண்ணைப் பாருங்கள். 2023இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வு: மிகப் பெரிய பட்டை தேவைப்படும் கைக்குச் சாதாரணப் பட்டையைக் கட்டினால் மேல் எண் 19.5 மி.மீ. கூடிக் காட்டுகிறது. மெலிந்த கைக்கு அதே பட்டை 3.6 குறைத்துக் காட்டுகிறது. அடுத்த வருஷம் அதே இடத்திலிருந்து இன்னொன்று: கையை மேசையில் வைக்காமல் மடியில் வைத்தால் 4 மி.மீ., தொங்கவிட்டால் 6.5 மி.மீ. கூடுதல்.

பார்மசி மெஷின் கொரோட்கோவ் சத்தத்தைக் கேட்பதே இல்லை. பட்டைக்குள் காற்று அதிர்வதைப் பிடித்து, அதிர்வு உச்சத்துக்குப் போகும் இடத்தை வைத்து மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கு கம்பெனியின் ரகசியம். பாதரசத்தோடு ஒப்பிட்டுச் சோதித்த மாடல்கள் உண்டு, சோதிக்காமல் விற்பவையும் உண்டு. பாதரசக் கருவியே இப்போது போய்க்கொண்டிருக்கிறது. மினமாதா ஒப்பந்தப்படி 2020க்குப் பிறகு அதைத் தயாரிக்கக் கூடாது. மில்லிமீட்டர் பாதரசம் என்ற அலகு மட்டும் நிற்கிறது, பாதரசம் இல்லாமல்.

அம்மா அழுத்திய மூன்று முறை

இவ்வளவையும் படித்துவிட்டு, வெள்ளை அங்கிதான் காரணம், அம்மா சொன்னதுதான் சரி என்று முடிவுகட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். டாக்டரிடம் காட்ட வீட்டு எண்களைத் தாளில் எழுதலாம் என்று மெஷினின் ஞாபகத்தில் இருந்த எண்களைத் தட்டிப் பார்த்தேன். நோட்டில் 134 என்று இருந்த நாளில் மெஷினில் மூன்று எண்கள்: 151, 143, 134. மறுநாள் 148, 140, 131. எல்லா நாளும் அப்படியே.

"என்னம்மா இது?"

"மொதல்ல எடுக்கறது கூடத்தான் காட்டும். மூணு தடவ அமுக்குவேன். நல்லா வர்றத எழுதுவேன்."

சிரிப்பு வந்துவிட்டது. ரோஸ் லண்டனில் கண்டுபிடித்ததை அம்மா சமையலறை மேசையில் செய்துகொண்டிருந்தார். ஆய்வாளனுக்கு மருந்து வேலை செய்ய வேண்டும். அம்மாவுக்கு மூன்றாவது மாத்திரை வேண்டாம். ஆசை எந்தப் பக்கம் இருக்கிறதோ எண் அந்தப் பக்கம் சாய்கிறது. நானும் அப்படித்தான் படித்திருந்தேன்.

மூன்றையும் கூட்டி வகுத்தால் 143, 140. வீட்டு அளவுக்குக் கோடு 135/85 என்று வைத்திருக்கிறார்கள். கிளினிக்கின் 140/90க்கு அதுதான் ஈடு. ஆக அம்மாவுக்குக் கொதிப்பு மெய்யாகவே இருக்கிறது, மாத்திரை வைத்தும் கோட்டுக்கு மேல்தான் நிற்கிறது. ஆனால் 162 இல்லை.

அடுத்த அப்பாயிண்ட்மென்டுக்கு முன்னால் ஒரு வாரம் ஒழுங்காக எடுத்தோம். காலையும் மாலையும், பாத்ரூம் போய்விட்டு, ஐந்து நிமிடம் டிவி இல்லாமல் உட்கார்ந்து, கையை மேசையில் வைத்து, இரண்டு தடவை. வந்தது எதுவானாலும் எழுத வேண்டும். எழுதும் வேலையை என்னிடம் கொடுத்துவிட்டார். "நான் எழுதினா எனக்கே நம்பிக்கை வராது" என்றார்.

அந்தத் தாளை டாக்டரிடம் கொடுத்தேன். இந்த முறை இளம் பெண் டாக்டர். இரண்டு நிமிடம் படித்தார். ராத்திரித் தலைசுற்றலைப் பற்றிக் கேட்டார், அம்மாவை நிற்க வைத்து ஒருமுறை அளந்தார். மூன்றாவது மாத்திரையைப் பாதியாக்கிவிட்டு, தாளைக் கிளினிக் புத்தகத்துக்குள்ளேயே செருகி வைத்தார்.

"அடுத்த தடவையும் இப்படி எழுதிக் கொண்டு வாங்கம்மா. எப்படி எடுத்தீங்கன்னும் எழுதுங்க."

வெளியே வரும்போது அம்மா கேட்டார்: "அப்ப எதுதான் மெய்யி?"

எப்படி எடுத்தது என்று பக்கத்தில் எழுதியிருக்கிற எண் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, மருந்து கவுண்டரில் நம்பர் எடுக்கப் போனார்.